மரம் விழுங்கிய வேலி

சுமித்திராவுக்கு ஓரிடத்தில் சும்மா இருக்கத் தெரியாது. ஆஸ்பத்திரியில் நம்பர் எடுத்துவிட்டு வாங்குப் பலகையில் இருந்தாலும் விரல் முட்டியால் அந்த வாங்கைத் தட்டிக்கொண்டிருப்பாள். கலியாண வீட்டில் சாப்பாட்டு மேசையைத் தட்டுவாள். ஒருமுறை செத்தவீட்டில் சவப்பெட்டியைத் தட்டப் போனவளை, புருசன் சுதாகரன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தான். வயது நாற்பத்தெட்டு. இனித் திருந்துவாள் என்ற நம்பிக்கையை அவன் விட்டு நாளாகிவிட்டது.

தட்டுவது அவளுடைய தொழில். முள்ளியவளையில் இளையதம்பியின் மரக்காலையில், வாளுக்குப் போகிற மரக்குற்றிகளைச் சோதிப்பது அவள்தான். சண்டை நடந்த வன்னியில் வளர்ந்த மரத்தை நம்பி அப்படியே வாளுக்குள் விட முடியாது. வெளியே பட்டை ஒரு குறையும் இல்லாமல் மூடியிருக்கும். உள்ளே ஷெல் துண்டு கிடக்கும், துப்பாக்கிச் சன்னம் கிடக்கும். அதில் பட்டால் வாள் அறுந்து ஆளையே வெட்டிவிடும். போன வருசம் அறுந்த வாள் கூரைத் தகரத்தைக் கிழித்துக்கொண்டு போன இடம் இன்னும் ஓட்டையாகத்தான் இருக்கிறது, மழைக்கு ஒழுகுகிறது.

வருகிற மரத்துக்குக் காகிதமும் வேண்டும். யாருடைய வளவு, வெட்ட அனுமதி, ஏற்ற அனுமதி, குற்றியின் முனையில் வனத்துறையின் காட்டுக் கந்தோர்க்காரர் சுத்தியலால் அடித்த முத்திரை. பலா என்று போமிட் வாங்கிவிட்டு அடியில் முதிரை ஏற்றிவருகிற கெட்டிக்காரர்களும் உண்டு. இளையதம்பி பயந்த மனுசன், அவர்களை வாசலிலேயே திருப்பிவிடுவார். காகிதம் அவருடைய பாடு. உள்ளே கிடக்கும் இரும்பு சுமித்திராவின் பாடு. இரும்பைக் கண்டால் கத்துகிற கருவியைப் பட்டையோடு ஒட்டி மெல்ல நகர்த்துவாள். அது கத்தினால் சிவப்புச் சோக்கால் பெருக்கல் குறிபோல ஒரு புள்ளடி. புள்ளடி விழுந்த குற்றி விறகுக்குப் போகும்.

இந்த வேலைக்கு அவளை யாரும் பழக்கவில்லை. அதற்கு முன்பு ஒன்பது வருசம் கண்ணிவெடி அகற்றினாள். முழங்காலிட்டு, ஒரு சாண் நிலத்தைச் சோதித்து, பிறகு அடுத்த சாண். அந்த ஒன்பது வருசமும் அசையாமல் இருந்ததற்குத்தான் இப்போது சேர்த்துவைத்து அசைகிறாள் என்று சுதாகரன் பகிடி விடுவான். அவனுக்குத் தெரியாததில்லை, அவளுடைய அந்தரத்துக்கும் தவிப்புக்கும் வேறு காரணம் இருந்தது. விசுவமடுவுக்குத் தெற்கே, வயல் முடிந்து காடு தொடங்குகிற ஒழுங்கைப் பாதையின் கடைசியில், அவளுடைய தகப்பன் பொன்னையாவின் மூன்று ஏக்கர் காணி இருக்கிறது. இருக்கிறது என்று அவள் சொல்வாள். வரைபடத்தில் அது காடு.

அந்தக் கதையில் பாதிப் பிழை அவளுடையது. அதை நினைக்கிறபோதெல்லாம் தன்னுடைய தலையிலேயே தட்டிக்கொள்ள வேண்டும் போலிருக்கும்.

சண்டை முடிந்து முகாமிலிருந்து விட்டு, ஊரில் பதிந்த காலம் அது. பள்ளிக்கூட மண்டபத்தில் வரிசையில் நிற்க வைத்துப் படிவம் கொடுத்தார்கள். காணி இப்போது எப்படி இருக்கிறது என்று ஒரு கேள்வி. வரிசையில் யாரோ ஒருவர், பெரிய மரம் நிற்கிற காணிகளுக்குத்தான் காடு வெட்டுகிற டோசரை முதலில் அனுப்புவார்களாம் என்று கதை விட்டார். அவ்வளவுதான், வரிசை முழுக்கப் பேனாக்கள் ஓடத் தொடங்கின. பற்றையும் புல்லும் மண்டிக் கிடந்த காணிக்காரரெல்லாம் அடர்ந்த காட்டை எழுதினார்கள். கச்சான் கடலை போட்ட தரையில் பாலை மரமும் வீரை மரமும் முளைத்தன. சுமித்திராவும் எழுதினாள்: மூன்று ஏக்கரும் பெரிய மரக்காடு, ஆள் நுழைய முடியாது. அழகான கையெழுத்து, கீழே ஒப்பம்.

டோசர் வந்தது. ஒழுங்கை முகப்பில் நாலு வளவைத் துப்புரவாக்கிவிட்டு, எண்ணெய் முடிந்ததென்று போனது, பிறகு வரவில்லை. அவள் கண்ணிவெடி வேலைக்குச் சேர்ந்து மாங்குளம் பக்கம் போனாள். சுதாகரனின் தமையன் முள்ளியவளையில் இருக்க விட்ட துண்டுக் காணியில் வீடு போட்டார்கள். இரண்டு வருசம் கழித்து ஒரு விடுமுறைக்குப் போய்ப் பார்த்தபோது, ஒழுங்கை முடிகிற இடத்தில் காட்டுக் கந்தோர் நட்ட, மஞ்சள் தலை வைத்த எல்லைக்கல் ஒன்று நின்றது. தகப்பனின் காணி கல்லுக்கு அந்தப் பக்கம்.

அன்று முதல் எழுதாத கந்தோர் இல்லை. கடைசியில், மக்களுடைய காணி என்று நிறுவினால் விடுவிக்கலாம் என்று ஒரு கதை மேலிருந்து வந்தது. போன மாதம் அவளுக்குக் கடிதமும் வந்தது. அடுத்த வியாழக்கிழமை கள ஆய்வு. உரிய ஆதாரம் காட்டப்படாவிட்டால் விண்ணப்பக் கோவை மூடப்படும்.

கடிதத்தோடு அவள் காட்டுக் கந்தோருக்குப் போனாள். களஅலுவலர் செந்தூரன், முப்பத்தைந்து வயதிருக்கும், கண்டாவளைப் பக்கத்துப் பொடியன். முகத்தில் வன்மம் ஒன்றும் இல்லை. கோவையைப் புரட்டி ஒரு பிரதியை எடுத்து அவளுக்கு முன்னால் வைத்தார். அவளுடைய அழகான கையெழுத்து.

"இது நீங்கள் எழுதினதுதானே அக்கா?"

"ஓம் சேர். டோசர் வருமெண்டு எழுதினது. எல்லாரும் அப்பிடித்தான் எழுதினவை."

"எனக்கு விளங்குது. ஆனா நான் மேல அனுப்பேக்க இது முதல் தாளா நிக்கும். காணி போமிட் இருக்கோ?"

"அப்பா பெட்டியோட கொண்டு திரிஞ்சவர். கடைசிச் சண்டையில, புதுமாத்தளனில, அவரும் இல்லை, பெட்டியும் இல்லை."

செந்தூரன் அடுத்த தாளைப் புரட்டினார். "வீட்டு அத்திவாரம், கிணறு?"

"மண் வீடு சேர். தண்ணி வாய்க்காலில அள்ளினனாங்கள். அப்பா எல்லையைச் சுத்தித் தேக்கு வைச்சவர், இப்பவும் வரிசையா நிக்குது. காடு வரிசையா முளைக்குமோ?"

"அந்தப் பக்கம் கந்தோரும் முந்தித் தேக்கு நட்டிருக்கு. வரிசையைக் காட்டினா, எங்கட தேக்கெண்டுதான் சொல்லுவினம்." அவர் கோவையை மூடினார். "கண்ணால பாக்கிற மாதிரி ஏதாவது காட்டுங்கோ அக்கா. நான் கண்டதை ஒளிக்காம எழுதுவன்."

வீட்டுக்கு வந்து குசினிக்கும் வாசலுக்குமாக நடந்தாள். சுதாகரன் சாப்பிட்டு முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தான்.

"விடு சுமி. இருக்க வீடு இருக்குத்தானே."

"இது உங்கட அண்ணற்ற காணி. அவர் பிள்ளையளுக்கெண்டு கேட்டா நாளைக்கே எழும்ப வேணும். இடம்பெயர்ந்ததில இருந்து இது ஏழாவது வீடு. எட்டாவதுக்கு என்னால ஏலாது."

அவன் கையைக் கழுவிக்கொண்டு வந்து பக்கத்தில் நின்றான். அவளுக்கு அழுகை வந்தது, அழவும் பொறுமை இல்லாமல் எழும்பிப் போய்ச் சட்டியைத் தேய்த்தாள்.

அடுத்த நாள் மரக்காலையில் ஒரு வேப்பங்குற்றி வந்தது. யாரோ வளவு எல்லையில் நின்ற மரம். கருவியை அடியிலிருந்து நகர்த்திக்கொண்டு போனாள். முழங்கால் உயரத்தில் கத்தியது, இடுப்பு உயரத்தில் கத்தியது, நெஞ்சு உயரத்திலும் கத்தியது. அவள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் புள்ளடி போட்டு, "வேலிக்கம்பி" என்று வழமைபோல் வாள்காரனுக்குக் கத்திச் சொன்னாள். ஷெல் துண்டு எங்கேயும் கிடக்கும், அதற்கு ஒழுங்கில்லை. வேலிக்கம்பி என்றால் மூன்று நிரை, ஒரே உயரம். நிற்கிற மரத்தில் அடித்த கம்பியை மரம் வளர வளர விழுங்கிவிடும். ஐந்து வருசத்தில் இப்படி நூறு மரமாவது பார்த்திருப்பாள்.

அடுத்த குற்றிக்கு நகர்ந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

அவளுடைய தகப்பனும் முட்கம்பி அடித்தவர். அவளுக்குப் பத்து வயது. பன்றித் தொல்லை பொறுக்காமல், கை மொத்தத்துக்கு வளர்ந்திருந்த தேக்கங்கன்றுகளிலேயே மூன்று நிரை கட்டினார். சண்டைக் காலத்தில் பங்கருக்கும் தடைக்குமென்று கண்டவரெல்லாம் கம்பியை வெட்டிக்கொண்டு போய்விட்டார்கள், ஒரு முழம்கூட மிச்சமில்லை. ஆனால் மரத்துக்குள் போனதை யார் வெட்டினார்கள்? இரும்பு தேடிச் சம்பளம் வாங்குகிறவளுக்கு இது உறைக்க ஐந்து வருசம் எடுத்திருக்கிறது. அவளுக்குத் தன்மேல் வந்த கோபத்தில் அந்தக் குற்றியை ஓங்கிக் குத்தினாள், கைதான் நொந்தது.

கருவியை ஞாயிற்றுக்கிழமைக்குக் கேட்டபோது இளையதம்பி கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்.

"என்ன பிள்ளை, புதையல் தேடப் போறியோ?"

"அப்பாவின்ர தேக்கைச் சோதிக்க வேணும் அண்ணை."

அவருக்கு அந்தத் தேக்கில் கனகாலமாக ஒரு கண். காணி விடுபட்டால் முறைப்படி அனுமதி எடுத்து வெட்டி, தனக்கே தர வேண்டுமென்று சொல்லிவைத்திருந்தார். "சோதி, சோதி. ஆனா உள்ளுக்கு இரும்பெண்டா நான் எடுக்க மாட்டன், சொல்லிப்போட்டன். உன்ர கையாலயே புள்ளடி போட வேண்டி வரும்."

"இரும்பு இருக்க வேணுமெண்டுதான் கோயிலுக்கு நேர்த்தி வைச்சிருக்கிறன்" என்றாள். இளையதம்பிக்கு ஒன்றும் விளங்கவில்லை. பதினைந்து வருசமாக மரக்காலை நடத்துகிறார், இரும்புக்கு நேர்த்தி வைத்த ஆளை அவர் கண்டதில்லை.

ஞாயிறு காலையில் சுதாகரனும் கூடப் போனான். எல்லைக்கல்லடியில் ஒரு சிறு கல்லைப் பிள்ளையார் என்று வைத்திருந்தார்கள். அதன்மேல் வாடிய இலைக் குழைகள் குவிந்து கிடந்தன. வன்னியில் காட்டுக்குள் போகிற எவரும் ஒரு குழையை முறித்துப் பிள்ளையாருக்குப் போட்டுவிட்டுத்தான் போவார்கள், திரும்பி வருவதற்கு அவர் பொறுப்பு. சுதாகரனும் பழக்கத்தில் எட்டி ஒரு கொப்பை முறித்தான்.

"போடாதேங்கோ."

"ஏனப்பா? காட்டுக்குள்ள போறம்."

"இது காடில்லை. சொந்த வளவுக்குள்ள போறதுக்கு ஆராவது குழை முறிப்பினமோ?"

அவன் குழையைக் கையில் வைத்துக்கொண்டு முழித்தான். பிறகு அதைப் பின்பக்கம் மறைத்துக்கொண்டே நடந்தான். பிள்ளையாரைப் பகைக்கவும் அவனுக்கு விருப்பமில்லை, அவளைப் பகைக்கவும் துணிவில்லை.

முதல் தேக்கில் கருவி கத்தவில்லை. இரண்டாவதில் இல்லை. மூன்றாவதில் கத்தியது, ஆனால் தலைக்கு மேலே, ஒரேயொரு இடத்தில். அது ஷெல் துண்டு. நாலு, ஐந்து, ஆறு, ஒன்றுமில்லை. மரம் அளவுக்கு மிஞ்சிப் பருத்துவிட்டதோ, ஆழத்தில் கிடக்கிறதோ, தகப்பன் இந்தப் பக்கம் கம்பி அடிக்கவே இல்லையோ? ஏழாவது மரத்தில் முழங்காலிட்டு, கண்ணிவெடிக்காரியின் பொறுமையோடு அரைச்சாண் அரைச்சாணாக நகர்த்தினாள். இடுப்புக்கு நேரே கருவி கத்தியது. மேலே நெஞ்சுக்கு நேரே கத்தியது. கீழே முழங்காலுக்கு நேரேயும் கத்தியது. எட்டாவது மரம், மூன்று. ஒன்பதாவது, மூன்று. ஒழுங்கைப் பக்கத்து வேலி பிறகு கம்பி இல்லாமல் அலம்பல் கொப்புகளால் கட்டியது என்று அப்போதுதான் ஞாபகம் வந்தது. மற்ற மூன்று பக்கமும் சுற்றிவர, பத்தொன்பது மரங்களில் கம்பி இருந்தது.

"ஒண்டை வெட்டிப் பாப்பமே?" என்றான் சுதாகரன்.

"ஒரு சிராய் எடுத்தாலும் கள்ள மரம் வெட்டினதெண்டு என்னைத்தான் பிடிப்பினம்" என்று சொல்லிவிட்டு, அந்த இடங்களில் சிவப்புச் சோக்கால் புள்ளடி போட்டாள். மரக்காலையில் அந்தப் புள்ளடியைக் கண்டால் யாவாரிகள் முகத்தைத் திருப்புவார்கள். அவள் ஒவ்வொன்றையும் போட்டுவிட்டுத் தள்ளி நின்று பார்த்தாள்.

வியாழன்வரை அவள் சரியாக நித்திரை கொள்ளவில்லை. சத்தத்தை மட்டும் வைத்து எழுதுவார்களோ என்ற பயம். எழுதமாட்டார்கள் என்றுதான் மனம் சொன்னது.

செந்தூரன் மோட்டார் சைக்கிளை ஒழுங்கையில் நிறுத்தினார். எல்லைக்கல்லடியில் ஒரு குழையை முறித்துப் பிள்ளையாருக்கு வைத்துக் கும்பிட்டார். சுமித்திரா அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இந்த மனுசன் அவளுடைய வளவுக்குள் காடென்று நினைத்துத்தான் கால் வைக்கிறார்.

பத்தொன்பது மரத்திலும் கருவியைப் பிடித்துக் காட்டினாள். செந்தூரன் உயரங்களைத் தன் கையாலேயே அளந்து குறித்தார். கடைசி மரத்தடியில் பேனாவை மூடினார்.

"மூண்டு உயரமும் சரியா ஒத்து வருது அக்கா. ஆனா சத்தத்தைப் படம் பிடிக்கேலாது. ஷெல் துண்டெண்டு ஒரு வரியில எழுதி அடிச்சுப்போடுவினம்."

"அப்ப வெட்டுங்கோ."

"என்ன?"

சுமித்திரா பையிலிருந்து உளியையும் சுத்தியலையும் எடுத்து நீட்டினாள். "நான் வெட்டினா களவு. நீங்கள் வெட்டினா ஆய்வு. எந்த மரத்திலயெண்டு நீங்களே சொல்லுங்கோ."

செந்தூரன் உளியைப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார். கந்தோருக்கு ஒரு ரெலிபோன் எடுத்துக்கொண்டு தள்ளிப்போனார். அவர் திரும்பி வரும்வரை அவள் எட்டுத் தடவை அந்தத் தேக்கைச் சுற்றி நடந்தாள். சுதாகரன் எண்ணியிருக்கிறான்.

"கையளவுக்கு மேல வெட்டக் கூடாதாம். காயத்துக்குத் தார் பூச வேணும்" என்று சொல்லிக்கொண்டு வந்தார் செந்தூரன். பன்னிரண்டாவது மரத்தைத் தெரிந்தார். அதில் பட்டை ஒரு பக்கம் தையல் போட்டதுபோல் சுருங்கியிருந்தது, இடுப்பு உயரத்தில்.

பட்டை போனது. வெள்ளைப் பகுதி போனது. தேக்கின் மணம் எழுந்தது. பொன்னிறமான சிராய்கள் அவருடைய சப்பாத்தின்மேல் விழுந்தன. நாலு விரற்கடை ஆழம் போனபிறகும் ஒன்றுமில்லை. சுமித்திரா ஒரு கையால் மற்றக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அடுத்த அடியில் உளி 'ணங்' என்றது.

செந்தூரன் தூசியை ஊதினார். கறுத்துப்போன கம்பி, இரண்டு புரி முறுக்கியது, அதில் ஒரு முள். பக்கத்தில் ஆணியின் தலை. ஆணிக்கும் மரத்துக்கும் இடையில் வேறு ஏதோ ஒன்று இருந்தது. உளி நுனியால் மெல்லச் சுரண்டினார். பெருவிரல் நகத்தளவில் ஒரு றப்பர்த் துண்டு, மேலே வெள்ளை, கீழே நீலம்.

"இது என்ன?"

சுமித்திரா கிட்ட வந்து குனிந்து பார்த்தாள். பிறகு மரத்தடியிலேயே இருந்துவிட்டாள்.

"என்ர செருப்பு" என்றாள்.

பரந்தன் சந்தையில் வாங்கிக் கொடுத்த நீலச் செருப்பு. புதுசாக ஒரு மாதம்கூட ஆகவில்லை, ஒரு வார் அறுந்துவிட்டது. தைத்துத் தருகிறேன் என்று வாங்கிய தகப்பன், இரண்டையும் துண்டுதுண்டாக வெட்டி, ஆணிக்கு அடியில் ஒவ்வொன்றாக வைத்து அடித்தார். கம்பி நேரே இறுகினால் கன்றுக்கு நோகுமாம். அவள் ஒரு கிழமை முழுக்க வெறுங்காலோடு பள்ளிக்கூடம் போனாள். என்னுடைய காலுக்கு நோகாதோ என்று கேட்டுவிட்டு, மூன்று நாள் அவரோடு கதைக்கவில்லை. முப்பத்தெட்டு வருசம் அதை அவள் நினைத்ததே இல்லை. தகப்பனைப் புதைத்த இடம் தெரியாது. அவருடைய படம் ஒன்றுகூடக் கையில் இல்லை. அவர் கையால் அடித்த ஆணி அவளுக்கு முன்னால் இருந்தது, அவளுடைய செருப்பையும் பிடித்துக்கொண்டு. இதையெல்லாம் நின்று நின்று சொல்லி முடித்தபோது முகம் நனைந்திருந்தது. துடைக்கவில்லை.

செந்தூரன் படம் எடுத்தார். மரத்தின் இடத்தைத் தன் இடங்காட்டிக் கருவியில் பதிந்தார். அவர் எழுதுவதை அவள் இருந்த இடத்திலிருந்தே பார்த்தாள். மூன்று பக்கமும் பழைய முட்கம்பி வேலி, நட்டுவளர்த்த மரங்களில், முப்பது வருடங்களுக்கு மேற்பட்டது, கந்தோர்த் தோட்டமல்ல.

"முடிவு மேலதான் அக்கா. நான் எழுத வேண்டியதை எழுதியிருக்கிறன்."

"ஓம்" என்றாள் அவள். அவளுடைய கை இரண்டும் மடியில் கிடந்தன. அவை தட்டாமல் கிடப்பதைச் சுதாகரன்தான் முதலில் கண்டான். பயந்து, "தண்ணி குடிக்கிறியோ?" என்று கேட்டான்.

காயத்துக்குப் பூசத் தார் மோட்டார் சைக்கிள் பெட்டியில் இருந்தது. எடுத்துவர செந்தூரன் ஒழுங்கைக்குப் போனார். திரும்பி வந்தவர் எல்லைக்கல்லடியில் நின்றார். பிள்ளையார் பக்கம் போகவில்லை, கொப்புக்குக் கை நீட்டவும் இல்லை. கல்லைத் தாண்டி, ஒருகாலத்தில் வாசல் படலை நின்றிருக்கக்கூடிய இடத்துக்கு வந்து, சப்பாத்தைக் கழற்றுவதா விடுவதா என்று தெரியாமல் ஒருகணம் தயங்கினார்.

"அக்கா, உள்ளுக்கு வரலாமோ?"

சுமித்திரா எழும்பிச் சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு, வளவுக்காரி நிற்பதுபோல் நின்றாள்.

"வாங்கோ தம்பி" என்றாள். "குந்தியிருக்கிறதுக்குத்தான் இன்னும் ஒரு கதிரை இல்லை."